மரம் நட இடமில்லை, மழை அளக்க இடமுண்டு

தோட்டப் பாடசாலைகளில் சுற்றாடல் என்றால் ஜூன் 5. காலைக் கூட்டத்தில் தமிழில் ஒரு பேச்சு, சிங்களத்தில் ஒரு பேச்சு, ஒரு கவிதை, பிறகு மரக்கன்று. வெளியிலிருந்து வந்த பெரியவர் கன்றைப் பிடிப்பார். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். போட்டோ எடுத்ததும் முடிந்தது. அடுத்த வருசம் அதே ஜூன் 5, ஏறக்குறைய அதே குழி, புதுக் கன்று. போன வருசத்துக் கன்றை மாடு தின்றதா, புல்லு வெட்டுற மெஷின் வெட்டியதா என்று யாரும் கேட்பதில்லை.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஏன் அதே குழி என்று யோசித்துப் பாருங்கள். எங்க பாடசாலைக்கு இருப்பது ஒரு கட்டடம், ஒரு முற்றம், கொடிக்கம்பம், அதைச் சுற்றி கொஞ்சம் மண். வேலியைத் தாண்டினால் றப்பர், அதற்கு மேலே தேயிலை. அந்தக் காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து கம்பனிகள் அதை நிர்வகிக்கின்றன. அங்கே ஒரு பலாக்கன்று வைக்க வேண்டுமென்றாலும் ஆபிசில் கடிதம் கொடுக்க வேண்டும், தொரை சரி சொல்ல வேண்டும். இந்த மலையிலேயே அஞ்சு தலைமுறையாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, தான் நட்ட மரம் அங்கேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் "மரம் நடுவோம், பூமியைக் காப்போம்" என்று ஒப்புவிக்கச் சொல்வதில் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது.

நான் கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். உயர்தரம் முடித்துவிட்டு அதே தோட்டத்துப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகப் போனேன். கீழ் லயத்துப் பிள்ளை என்பதால் மாணவர்கள் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை, அக்காதான். 2023 ஜூனில் சுற்றாடல் முன்னோடிக் குழுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபை நாடு முழுக்கப் பாடசாலைகளில் நடத்தும் திட்டம் அது. பிள்ளைகள் வேலை செய்து, கோப்பு எழுதி, படிப்படியாகப் பதக்கம் வாங்கலாம். ஜனாதிபதிப் பதக்கம் வரை போகலாம். நல்ல திட்டம்தான். ஆனால் எங்களிடம் வந்த கோப்புகளைத் திறந்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கொழும்புப் பிள்ளை எழுதியதையே கேகாலைத் தோட்டத்துப் பிள்ளையும் எழுதியிருந்தது. பிளாஸ்டிக் சேகரித்தோம், சுவரொட்டி வரைந்தோம், மரம் நட்டோம்.

முதல் கூட்டத்தில் நான் ஒன்றுதான் கேட்டேன். "உங்களுக்கு எதப் பார்த்தா பயம்?" புலி, யானை, பேய் என்று சொல்லிச் சிரித்தார்கள். தரம் 9 பிள்ளை ஒன்று மட்டும் சிரிக்கவில்லை. "ராவுல மழ பேஞ்சா எங்கம்மா தூங்காது அக்கா. ஒக்காந்துகிட்டே இருக்கும்" என்றாள். அவள் வீடு மேல் லயம். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்ல ஆரம்பித்தது. எங்க வீட்டிலயும் அப்பிடித்தான். அப்பா டோர்ச் எடுத்துக்கிட்டு பின்னுக்குப் போய்ப் பார்ப்பாரு.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே நாள், அதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகள் மேலும் மண் விழுந்து பதினைந்து பேர் அளவில் புதைந்தார்கள். இது எங்க பக்கத்துச் சனத்துக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருசம் மே மாதம் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் வெள்ளமும் சரிவுமாக இருநூறு பேருக்கு மேல் போனார்கள். எங்க தரம் 9 பிள்ளைகள் அப்போது ஆரம்ப வகுப்பில் இருந்த சின்னப் பிள்ளைகள். வீட்டில் கேட்டுக் கேட்டே அந்த மழையை அறிந்தவர்கள்.

அப்படியானால் மழையையே எங்கள் திட்டமாக எடுப்போம் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். நான் செய்தது, தேடிப் படித்துச் சொன்னது மட்டும்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் இந்த நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. அவர்கள் வைத்திருக்கும் கணக்கை ஒரு பிள்ளை பாடமாக்கிவிடலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் மஞ்சள், கவனமாக இரு. 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக இரு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினால், சிவப்பு, வெளியேறு. இதோடு நிலம் காட்டும் அடையாளங்களும் இருக்கின்றன. தரையில் வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று புதிதாக ஊறுகிற தண்ணீர், அல்லது வழக்கமான ஊற்று நின்றுபோவது, தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி வருவது.

மழைமானி வாங்கக் காசு இல்லை. ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் போதும். நேரான சுவர் உள்ள போத்தலாகப் பார்த்து எடுக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கியது சரிவராது. மேல் பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி, புனல்போல அதற்குள்ளேயே வைக்கிறோம். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் சின்னக் கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு. அதிலிருந்து மேலே அடிமட்டத்தை டேப் போட்டு ஒட்டினால் வேலை முடிந்தது. தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறியதோ அத்தனை மில்லிமீட்டர் மழை.

சொல்வதற்கு லேசு. முதல் போத்தலைக் காற்று தள்ளியது. இரண்டாவதை மாடு தள்ளியது. மூன்றாவதை மண் நிரப்பிய பெயின்ட் வாளிக்குள் இறக்கினார்கள். அதைக் கூரை ஓரமாக வைத்ததால் கூரைத் தண்ணீரும் சேர்ந்து விழுந்து, சாதாரண மழைக்கே 90 காட்டியது. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. முற்றத்தில் அப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது, கொடிக்கம்பத்துக்குப் பக்கம். இரண்டாவது மழைமானி மேல் லயத்தில், அந்தத் தரம் 9 பிள்ளையின் வீட்டுத் தோட்டத்தில், கீரைப் பாத்திக்கு நடுவில்.

காலை 8.30க்கு அளக்க வேண்டும், வானிலை அவதான நிலையத்தின் நேரம் அதுதான். அது இரண்டாம் பாட நேரம். கணித ஆசிரியர் முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே அந்தக் கணக்கை வகுப்புக்குள் எடுத்துக்கொண்டார். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீட்டர் தண்ணீர். தனி வீட்டுக்கு என்று எங்க சனத்துக்குப் பேசப்பட்ட 7 பேர்ச் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 177 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்தத் துண்டில் மட்டும் 17,700 லீட்டர். ஆயிரம் லீட்டர் டாங்கி கிட்டத்தட்ட 18. ஒரு ஏக்கர் மலை என்றால் நாலு லட்சம் லீட்டருக்கு மேல். பலகையில் அந்த எண்ணை எழுதியதும் வகுப்பு அமைதியானது. ஒரு பையன் கேட்டான், "இவ்ளோ தண்ணியும் எங்க சேர் போகும்?"

அந்தக் கேள்விதான் எங்களைக் கானுக்குக் கூட்டிப் போனது.

தேயிலை மலையில் குறுக்காக வெட்டப்பட்ட கான்கள் அழகுக்கு வெட்டியவை இல்லை. மேலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்து, மண்ணுக்குள் இறங்க விடாமல், பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோய் விடுவதற்கு வெட்டியவை. கான் வெட்டு என்று அதற்கு ஒரு தனி வேலையே இருந்தது. எங்க தாத்தாவின் வேலை அது. இப்போது எங்க பக்கம் அந்த வேலைக்கு ஆள் போடுவது குறைந்துவிட்டது. பிள்ளைகள் நடந்து பார்த்த மூன்று கான்களில் இரண்டு, மண்ணும் செத்தையும் நிரம்பி, மேலே புல்லு முளைத்துக் கிடந்தன. தண்ணீர் கானில் ஓடாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறினால் கனக்கும், பிடிப்பும் போகும். விஞ்ஞானப் புத்தகத்தில் மண்ணரிப்பு என்று இருக்கும் பாடத்தைப் பிள்ளைகள் அன்றைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டைக் கடியோடு படித்தார்கள்.

அதிலிருந்து அந்தக் கொப்பியில் ஐந்து நிரல். திகதி, மழை, பீலித் தண்ணீர் (தெளிவு, கலங்கல்), கான் (ஓடுது, அடைச்சிருக்கு), அளந்தவர் பெயர். சனி, ஞாயிறு, தவணை லீவு எல்லாவற்றுக்கும் முறை போட்டார்கள். மழைக்கு லீவு கிடையாதே.

இன்னொன்றும் கூடவே நடந்தது, யாரும் திட்டமிடாதது. றப்பர் மலை வழியாகத்தான் பாதி பிள்ளைகள் வருகிறார்கள். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றால் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும், கொசு முட்டை போடும். 2017இல் நாடு முழுக்க 1,86,101 பேருக்கு டெங்கு வந்த வருசத்தில் எங்க தோட்டத்திலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மழை அளந்து பழகிய பிள்ளைகள், போகிற வழியில் தண்ணீர் நின்ற சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பால் வெட்டும் அண்ணன்மாரிடம் கேட்டுக்கொண்டுதான். அளக்கிற கண் வந்துவிட்டால் அது மழையோடு நிற்பதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

2024 ஜூன் முதல் ஞாயிறு. விடியற்காலையிலிருந்து விடாத மழை. பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் லயத்து மழைமானியில் 104. அந்தப் பிள்ளை குடை கூட இல்லாமல் கீழே ஓடி வந்தாள். 100 தாண்டினால், இருட்டுவதற்கு முன்னாலேயே வயசாளிகளையும் சின்னப் பிள்ளைகளையும் கோயில் மண்டபத்துக்கு இறக்குவது என்று பெற்றோர் கூட்டத்தில் பேசி வைத்திருந்தோம். ராவில் அந்தப் படிக்கட்டில் ஆள் இறங்க முடியாது, அதனால்தான். மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. "போத்தலப் பார்த்து மலைக்கு ஜாதகம் சொல்றாளுகளா?" என்று ஒரு மாமா கேட்டார்.

ராத்திரி ஒன்றும் விழவில்லை. அடுத்த நாள் நாடு முழுக்கப் பாடசாலைகளுக்கு லீவு. மழையும் விட்டிருந்தது. மண்டபத்தில் படுத்த பாட்டி ஒருத்தி, இடுப்பு வலியோடு மேலே ஏறிப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை விட ஏசியிருக்கலாம் என்று தோன்றியது. அன்று பின்னேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். "நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்றாங்க அக்கா."

அந்தப் பேச்சுத்தான் இந்த வேலையின் நடு முள்ளு. 104 என்பது பொய் இல்லை. அது மலை சரியும் என்று சொல்லும் எண்ணும் இல்லை, தயாராக இரு என்று சொல்லும் எண். இதைப் பெரியவர்களுக்கு எப்படிச் சொல்வது? பிள்ளைகள் ஒரு பலகை செய்தார்கள். கடைச் சந்தியில், பெரட்டுக் களத்துக்குப் போகும் வழியில் மாட்டினார்கள். மஞ்சளில்: 75, கண்ணத் தொறந்து வை. செம்மஞ்சளில்: 100, பையக் கட்டு. சிவப்பில்: 150, எறங்கு. அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் சோக்கால் அன்றைய அளவு. அவ்வளவுதான். 3, 0, 0, 41, 17. ரெண்டு மாதத்தில், கொழுந்துக்குப் போகும் அக்காமார் நின்று பார்த்துவிட்டுப் போகிற பலகையாக அது ஆனது. எண்ணை எப்போதும் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் பெரிய எண் வரும்போது அது பெரிது என்று தெரியும்.

"பையக் கட்டு" என்பதில் பிள்ளைகள் ரொம்பப் பிடிவாதம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். காகிதம், பரீட்சைப் பெறுபேறு, மருந்து, டோர்ச். எல்லாம் ஒரு பொலித்தீன் உறைக்குள். 1948இல் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அதைத் திரும்ப வாங்கப் பல பத்து வருசம் கச்சேரி வாசலில் காகிதத்தோடு நின்ற சனம் நாங்கள். ஒரு பிறப்புச் சான்றிதழ் மண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்று எங்க பாட்டிமாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பை கட்டுவதில் மட்டும் ஒரு வீடுகூட மறுக்கவில்லை.

மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. சப்ரகமுவ தோட்டங்களில் எங்களில் முக்கால்வாசிப் பேர் கடைத்தெருவில் நன்றாகச் சிங்களம் பேசுவோம். ஆனால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று, அலுவலகச் சிங்களத்தில் மட்டும் அறிவித்துக்கொண்டு வேகமாகப் போனால் வயசானவர்களுக்குப் பிடிபடாது. மண்சரிவுக்குச் சிங்களத்தில் நாயயாம் என்பார்கள். மேல் லயத்துப் பாட்டி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "நாய்க்கு ஊசி போட வந்திருக்காங்களாம்" என்று நாயைப் பிடித்துக் கட்டி வைத்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு பிள்ளைகள் ஒரு முடிவு எடுத்தார்கள். எந்த அறிவிப்பு வந்தாலும் அதைத் தமிழில் எழுதி, லயத்துக்கு ஒரு பிள்ளை வாசிக்க வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. மலைநாட்டில் சரிந்த இடங்களை எண்ண முடியாது. எங்க தோட்டத்தில் கரண்ட் போனது, போன் சிக்னல் போனது, எச்சரிக்கைக் குறுஞ்செய்தி எதுவும் வர வழியில்லை. போத்தல் மட்டும் வேலை செய்தது. மேல் லயம் முழுக்க, அந்த மாமாவும் சேர்த்து, இருட்டுவதற்கு முன்னால் இறங்கியிருந்தது. அவர் கையிலும் பொலித்தீன் உறை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மழை அளக்கிறார்கள் என்பதால் பெரியவர்களின் பொறுப்பு கரைந்துவிடாது. பதுளை மாவட்டத்து மீரியபெத்தையை மறக்க முடியுமா? அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் சனம் அங்கேதான் இருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. எங்க பலகையில் 150 என்று எழுதலாம். "எறங்கு" என்றும் எழுதலாம். எறங்கிப் போய் எத்தனை நாள் கோயில் மண்டபத்தில் இருப்பது? சரியாத இடத்தில் காணியும் வீடும் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. கானை வெட்டி வைப்பது நிர்வாகத்தின் வேலை. பதினாலு வயசுப் பிள்ளையின் தோளில் அதை ஏற்றிவிட்டு, "மாணவர் தலைமையிலான திட்டம்" என்று கைதட்டக் கூடாது.

ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கொப்பி இருப்பது சின்ன விசயமும் இல்லை. திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் என்ற மாணவி, தெருவில் கரி போட்டுச் சலவைப் பெட்டி தேய்ப்பவர்களைப் பார்த்து, சூரிய வெளிச்சத்தில் ஓடும் சலவை வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அவருடைய கண்டுபிடிப்பு தொடங்கியது அவர் வீட்டுத் தெருவில். எங்க பிள்ளைகளின் தெரு இந்த மலை. அவர்களுடைய சுற்றாடல் இங்கே இருந்துதான் தொடங்க முடியும், சுவரொட்டியில் இருக்கும் பனிக்கரடியிடமிருந்து தொடங்க முடியாது.

இந்த வருசம் பிள்ளைகள் கொப்பியிலிருந்து கான் நிரலை மட்டும் தனியாக எடுத்து, எந்தக் கான் எத்தனை நாள் அடைத்திருந்தது, அந்த நாட்களில் மழை எவ்வளவு, பீலித் தண்ணீர் எப்போது கலங்கியது என்று ஒரு பக்கத்தில் எழுதினார்கள். தமிழில் ஒரு பிரதி, சிங்களத்தில் ஒரு பிரதி. தோட்ட ஆபிசுக்கும் கிராம சேவகருக்கும் கொடுத்தார்கள். கெஞ்சல் கிடையாது, கோசம் கிடையாது. திகதியும் எண்ணும் மட்டும். இரண்டு வாரம் கழித்து மேல் லயத்துக்கு மேலே இருக்கிற கானில் நாலு பேரை வேலைக்குப் போட்டார்கள். மற்றக் கான் இன்னும் அப்படியே கிடக்கிறது.

உங்கள் தோட்டத்திலும் செய்யலாம். ஒரு போத்தல், ஒரு அடிமட்டம், ஒரு கொப்பி, காலை 8.30. முதல் மாதம் எல்லாரும் சிரிப்பார்கள். எழுதுவதை விடாதீர்கள். எங்களுக்கு இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. அந்தத் தரம் 9 பிள்ளை சாதாரண தரம் எழுதுகிற வயசுக்கு வந்துவிட்டாள். கீரைப் பாத்தி மழைமானியை அவள் தம்பி எடுத்துக்கொண்டான். நேற்று அவன் எழுதியது: 22, தெளிவு, ஓடுது.